சப்பாத்துக்குள் ஆறு சென்சர்: பாத அழுத்தம் அளக்கும் இன்சோலைச் செய்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாத அழுத்தம் அளக்கும் இன்சோல் (சப்பாத்தின் உள்தாள்) செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்பது கொழும்பு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளில். சென்சரையும் அதை வாசிக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டையும் வாங்கி வந்து, அன்றிரவே மேசையில் விரலால் அமுக்கி, திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். அதே கோடு சப்பாத்துக்குள் போனதும் மேலே போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது யாரும் நடக்காமலே மெல்ல நகரும், அல்லது ஒரு வாரத்துக்குள் வயர் முறிந்து செத்துப்போகும்.

இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: வேலையின் வரிசை. காலும் சப்பாத்தும் முதலில், சென்சர் அதற்குப் பிறகு, புரோகிராம் கடைசியில். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். இறுதியாண்டு ப்ரொஜெக்டுக்காக இதில் இறங்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதினாலும், சோல்டர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"பாத அழுத்தத்தை அளக்க வேண்டும்" என்று எழுதினால் போதாது. எத்தனை சென்சர், எந்தச் சென்சர், எவ்வளவு துல்லியம் என்ற எல்லாமே கேள்வியைப் பொறுத்தது.

குதிகால் எப்போது தரையைத் தொட்டது, பெருவிரல் எப்போது தரையை விட்டது என்ற நேரம் மட்டும் வேண்டுமா? காலுக்கு இரண்டு மூன்று சென்சர் போதும். சென்சரின் எண்ணைத் தெரிந்த பாரத்தோடு பொருத்தும் அளவுதிருத்தம்கூடத் தேவையில்லை.

ஒரே ஆளின் ஒரே காலில், புதிதாக ஒரு மென்தாள் வைத்தால் முன்பாதத்தின் சுமை குறைகிறதா என்று ஒப்பிட வேண்டுமா? ஆறு சென்சரும் ஒழுங்கான அளவுதிருத்தமும் வேண்டும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

இத்தனை கிலோபஸ்கால் என்று மருத்துவ அறிக்கையில் எழுத வேண்டுமா? அப்படியானால் கையால் செய்வதை விட்டுவிடுங்கள். ஜெர்மனியின் நோவல் நிறுவனம் செய்யும் பெடார் இன்சோலில் 99 சென்சர்கள் உள்ளங்கால் முழுவதையும் மூடியிருக்கும். டெக்ஸ்கானின் எஃப்-ஸ்கானில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுப் புள்ளிகள். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டல், ஏற்கெனவே புண் வந்து ஆறியவரின் சப்பாத்துக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபஸ்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முன்பு அணிந்ததைவிட 30 வீதமாவது குறைய வேண்டும் என்கிறது. அந்த 200 என்ற எண் 2 சதுர சென்ரிமீற்றர் சென்சர் உள்ள, சரிபார்க்கப்பட்ட கருவிக்குச் சொன்னது. எலும்புமுனைக்கு நேர் கீழே ஒரு சின்னப் பொட்டு வைத்து அளந்தால் எண் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும். அதை 200 உடன் ஒப்பிட்டு யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம்.

2. எந்தச் சப்பாத்து என்பதை முடிவு செய்யுங்கள்

வெள்ளவத்தை வீடொன்றில் ஒரு மாணவன் கேட்டான்: "பெரியப்பா, நீங்கள் வழமையாப் போடுற சப்பாத்தை ஒருக்காத் தாங்கோ." அவர் சிரித்தார். "சப்பாத்தோ? அது கலியாண வீட்டுக்கு. நான் நாள் முழுக்க இந்தச் சிலிப்பரோடதானே திரியிறன், தம்பி."

கொழும்பில் இது எல்லா வீட்டுக் கதையும்தான். வீட்டில் வெறுங்கால், கடைக்குப் போகச் சிலிப்பர், கோயிலில் மறுபடி வெறுங்கால். இன்சோல் அளப்பது சப்பாத்து காலில் இருக்கும் நேரத்தை மட்டும். அறிக்கையில் இதை முதல் பந்தியிலேயே எழுதிவிடுங்கள், பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

சாதாரணச் சிலிப்பரில் இந்த அளவீடு சரிவராது. ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் சிலிப்பரை விட்டு எழும்பி மறுபடி விழும், சென்சர் உராயும். பின்வார் உள்ள செருப்பு பரவாயில்லை. மிக நல்லது, உள் இன்சோலைக் கழற்றக்கூடிய, லேஸ் கட்டும் சப்பாத்து. இன்சோலைக் கழற்ற முடியாத சப்பாத்தில் உங்கள் அடுக்கையும் வைத்தால் கால் இறுகிப்போகும். இறுகிய காலின் அழுத்தத்தையே பிறகு அளந்துகொண்டிருப்பீர்கள்.

3. பாதத்தைப் பதிவெடுங்கள்

சப்பாத்தின் இன்சோலை வெளியே எடுத்து, அதன் வடிவத்தைத் தடித்த தாளில் வரைந்து வெட்டுங்கள். சென்சர் வைக்கும் இடங்களை இந்தத் தாளில்தான் குறிக்கப்போகிறோம்.

இடங்கள் ஆறு: குதிகாலின் நடு, பாதத்தின் வெளிவிளிம்பில் நடுப்பகுதி, பெருவிரலுக்குப் பின்னுள்ள எலும்புமுனை, இரண்டாம் மூன்றாம் விரல்களுக்குப் பின்னுள்ள முனை, சின்னவிரலுக்குப் பின்னுள்ள முனை, பெருவிரலின் அடி. ஆறில் நான்கு முன்பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. நீரிழிவுக்காரர்களுக்கு உள்ளங்காலில் புண் வருவது பெரும்பாலும் பெருவிரலிலும் இந்த எலும்புமுனைகளிலும்தான்.

முனையைக் கண்டுபிடிக்க, விரலை மேல்நோக்கி வளைத்து உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவுங்கள். உருண்டையாக ஒன்று தட்டுப்படும். அதன்மேல் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு. வெட்டிய தாளைச் சப்பாத்துக்குள் வைத்து, காலை நேராக இறக்கி, லேஸைக் கட்டி, எழுந்து முழுப் பாரத்தையும் ஒருமுறை போட்டுவிட்டு, லேஸை முழுதாகத் தளர்த்திக் காலை மேல்நோக்கி எடுங்கள். பொட்டு தாளில் பதிந்திருக்கும். இழுபட்ட கறையாக வந்தால் மறுபடி செய்யுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பாதப் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி ஒட்டுகிறவர்கள் அதிகம். நாம் வைக்கப்போகும் சென்சரின் விட்டமே 9.5 மில்லிமீற்றர். இடம் 5 மில்லிமீற்றர் விலகினால் எலும்பின் பாதி வெளியே நிற்கும். உட்கார்ந்தபடி எடுத்த அளவும் உதவாது, ஏனென்றால் பாரம் ஏறியதும் பாதம் நீண்டு அகலும். இடது காலின் அடையாளத்தைத் திருப்பிப் போட்டு வலதுக்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு கால்களும் ஒன்றுபோல இருக்கும் ஆள் அபூர்வம்.

4. இப்போது சென்சர் வாங்கலாம்

கடைகளில் எளிதாகக் கிடைப்பது எஃப்எஸ்ஆர் 402 என்ற, அமுக்க அமுக்க மின்தடை குறையும் வட்டச் சென்சர். அதன் உணரும் பகுதி 12.7 மில்லிமீற்றர் விட்டம், ஏறத்தாழ 1.27 சதுர சென்ரிமீற்றர். 200 கிலோபஸ்கால் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு 20 நியூட்டன். ஆக அந்தச் சென்சரின் மேல் 25 நியூட்டன் விழும். தரவுத்தாள்களில் அதற்குச் சொல்லியிருப்பதோ பத்து, இருபது நியூட்டன் அளவிலான எல்லை. திரையில் கோடு மேலே ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான், புரோகிராமில் பிழை தேடி இரவு விழிக்கத் தேவையில்லை. நேரம் மட்டும் அளக்க 402 நன்றாகவே வேலை செய்யும்.

வெலோஸ்டாட் என்ற கறுப்புப் பிளாஸ்திக் தாள் இன்னும் மலிவு, விரும்பிய வடிவில் வெட்டலாம். ஆனால் அது தானாக நகரும், சூட்டுக்கும் வியர்வைக்கும் மாறும். ஒப்பீட்டுக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

சுமையை ஒப்பிட ஃபிளெக்ஸிஃபோர்ஸ் ஏ201 நல்ல தெரிவு. தடிப்பு 0.2 மில்லிமீற்றர், உணரும் விட்டம் 9.53 மில்லிமீற்றர். 4.4, 111, 445 நியூட்டன் என்று மூன்று வகையில் வரும். 111 நியூட்டனை எடுங்கள். விலை கூட, வெளிநாட்டிலிருந்துதான் பெரும்பாலும் வரவழைக்க வேண்டிவரும், அதனால் ஒன்றிரண்டு மேலதிகமாகச் சேர்த்தே வாங்குங்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பாரம் முழுவதும் உணரும் வட்டத்துக்குள்ளாகவே இறங்க வேண்டும், விளிம்பில் ஏறக்கூடாது. அதற்காக வட்டத்தைவிடச் சற்றுச் சிறிய தட்டு ஒன்றை மேலே ஒட்டுவார்கள். உணரும் பரப்பில் 70 முதல் 85 வீதம் இருக்கலாம் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. 8 மில்லிமீற்றர் விட்டத்தில், அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்திக் தாளில் வெட்டினால் சரியாக வரும். பரப்பு 0.5 சதுர சென்ரிமீற்றர். இந்த எண்ணை எழுதிவையுங்கள், 7ஆம் படியில் தேவைப்படும்.

5. சுற்று

ஒவ்வொரு சென்சருடனும் ஒரு தடையியைத் தொடராக இணைத்து, நடுவிலிருந்து வோல்ட்டை எடுக்க வேண்டும். சென்சர் 3.3 வோல்ட் பக்கம், தடையி கிரவுண்ட் பக்கம். புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 10 கிலோஓம் போடுவார்கள், ஏனென்றால் எல்லா எடுத்துக்காட்டிலும் அதுதான் இருக்கிறது.

நீங்கள் அளந்து போடுங்கள். தட்டு ஒட்டிய சென்சரைச் சப்பாத்துக்குள் குதிகால் இடத்தில் வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலை ஊன்றி நின்று, மல்ரிமீற்றரில் தடையைப் பாருங்கள். கிடைத்த மிகக்குறைந்த தடையின் இரு மடங்கைத் தடையியாகப் போட்டால், உச்சப் பாரத்தில் நடுவில் 2.2 வோல்ட் வரும். இது ஏன் முக்கியமென்றால், ஈஎஸ்பி32 நம்பிக்கையாக வாசிப்பது சுமார் 0.15 வோல்ட்டிலிருந்து 2.45 வோல்ட் வரைதான். அதற்கு மேலே கோடு வளைந்து தட்டையாகிவிடும்.

போர்டின் கால்களை (பின்களை) தெரிவுசெய்வதில் ஒரு பொறி இருக்கிறது. வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதிக்கு ஏடிசி என்று பெயர். ஈஎஸ்பி32இன் இரண்டாவது ஏடிசி, வைஃபை ஓடும்போது வேலை செய்யாது. முதலாவது ஏடிசியின் 32, 33, 34, 35, 36, 39 ஆகிய ஆறு கால்கள் சாதாரண போர்டுகளில் வெளியே இருக்கின்றன. ஒரு பாதத்துக்கு ஆறு சென்சர் என்பது இதற்கும் பொருந்திவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால், பல சென்சரை ஒரே பின்னில் மாறிமாறி வாசிக்கவைக்கும் 4067 மல்டிபிளெக்ஸர் போடலாம், ஆனால் முதல் இன்சோலில் அதைத் தொடாதீர்கள்.

ஒவ்வொரு தடையிக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்று. இது இல்லாவிட்டால் ஒரு சென்சரை அமுக்க அடுத்த சென்சரின் கோடும் லேசாக ஆடும். சென்சரின் தடை அதிகமாக இருப்பதால், ஏடிசி முந்திய வாசிப்பின் மிச்சத்தை அடுத்ததற்கும் எடுத்துச் செல்கிறது.

பற்றரி விஷயத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. டிபி4056 சார்ஜ் மொடியூல் வாங்கியபடியே 1 அம்பியரில் சார்ஜ் செய்யும். 500 மில்லியம்பியர்-மணி லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரிக்கு அது அதிகம். மொடியூலில் உள்ள 1.2 கிலோஓம் தடையியைக் கழற்றி 3 கிலோஓம் போட்டால் சுமார் 400 மில்லியம்பியருக்கு இறங்கும். அடுத்தது, லிப்போவை போர்டின் 5 வோல்ட் காலில் கொடுப்பது. பல போர்டுகளில் வோல்ட்டை 3.3க்கு இறக்கி நிறுத்தும் 1117 ரெகுலேட்டர் ஏறத்தாழ ஒரு வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். 3.3க்குப் பதில் 2.7 அளவில் வெளியே வரும், பற்றரி இறங்க இறங்க அதுவும் இறங்கும். ஏடிசி தன் சொந்த உள்ளக அளவை வைத்தே வாசிப்பதால், அந்த இறக்கம் நேராக உங்கள் "அழுத்தத்தில்" தெரியும். குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டர் போடுங்கள்.

பற்றரியும் போர்டும் கணுக்காலுக்கு மேலே பட்டியில் இருக்க வேண்டும். சப்பாத்துக்குள் லிப்போ வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

6. அடுக்கிச் சேருங்கள்

கீழிருந்து மேலே: 1 மில்லிமீற்றர் உறுதியான பிளாஸ்திக் தாள், சென்சர், தட்டு, 1.5 மில்லிமீற்றர் இவிஏ என்ற பஞ்சுபோன்ற தாள், மெல்லிய துணி. மொத்தம் 3.5 மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம். அடியில் உறுதியான தாள் இல்லாவிட்டால் சென்சர் பஞ்சுக்குள் புதைந்து வளையும், வளைவையும் அது பாரமாகவே காட்டும்.

ஒட்டுவதற்கு மெல்லிய டபுள் டேப் மட்டும். ஹொட் குளூ ஒரு சொட்டு விழுந்தாலும் அது காலுக்குக் கல் மாதிரி, அளக்க வந்த அழுத்தத்தை நீங்களே உண்டாக்குவீர்கள்.

எஃப்எஸ்ஆர் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதன் வாலாக நீளும் பட்டையில் நேராக சோல்டர் பிடித்தால் பிளாஸ்திக் உருகிப் போய்விடும். அழுத்திக் கவ்வும் கனெக்டர் போடுங்கள். வாலின் வழியாகக் காற்றுப் போக ஒரு சின்னப் பாதை இருக்கிறது. வியர்வைக்குப் பயந்து முழுவதையும் டேப்பால் மூடினால் உள்ளே காற்று சிக்கி, அழுத்தம் எடுத்த பிறகும் எண் இறங்காது. ஏ201க்கு ஊசிக் கனெக்டர் இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

வயர்களை எல்லாம் பாதத்தின் உள்வளைவுக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலான கால்களில் அங்கே பாரம் விழாது. தட்டைப்பாதம் உள்ளவருக்கு மட்டும் வெளியே, பக்கவாட்டில் எடுக்க வேண்டும். முன்பாதம் மடியும் கோட்டைக் கடக்கும் இடத்தில் வயரையும் சென்சரின் வாலையும் இறுக்கி ஒட்டாமல், சிறு தளர்வு விடுங்கள். ஒவ்வொரு எட்டிலும் அந்த இடம் மடிகிறது. ஒரு காலை நேர நடையிலேயே ஆயிரக்கணக்கான மடிப்பு. முறிகிற வயர் எல்லாம் இங்கேதான் முறியும்.

7. அளவுதிருத்தம்

அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போகும் படி இது. தாண்டினால் கிடைப்பது ஏடிசி எண்கள் மட்டும், அழுத்தம் அல்ல.

முதலில் சென்சரைப் பழக்க வேண்டும். எதிர்பார்க்கும் உச்சப் பாரத்தைவிடப் பத்து வீதம் கூடுதலாக, சில விநாடிகள் வீதம், நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். புதிய சென்சரும், நாட்கணக்கில் சும்மா கிடந்த சென்சரும் முதல் சில அமுக்கல்களுக்கு வேறு எண் காட்டும்.

அப்புறம், இவிஏ தாளை மூடுவதற்கு முன், 5 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசின் மேல் அடித்தாளோடு சென்சரை வையுங்கள். தட்டின் மேல் ஒரு மரக்குச்சியை நிறுத்தி, தராசு அரை கிலோ காட்டும் வரை அமுக்கி, பத்து விநாடி பிடித்து, வாசிப்பைக் குறியுங்கள். பிறகு 1, 2, 3, 4 கிலோ. பிறகு அதே வரிசையில் கீழே இறங்குங்கள். பத்து விநாடி என்றால் எல்லாவற்றுக்கும் பத்து விநாடிதான். ஒரே பாரத்திலும் நேரம் போகப் போக எண் ஊர்ந்து ஏறும். ஒன்றுக்கு இரண்டு விநாடி, இன்னொன்றுக்கு அரை நிமிடம் என்று பிடித்தால் அந்த ஊர்தலும் கணக்கில் கலந்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் வித்தியாசம் உங்கள் இன்சோலின் இயல்பான பிழை. அதை மறைக்காமல் எழுதுங்கள்.

வோல்ட்டை அப்படியே பாரத்துக்கு எதிராக வரைந்தால் வளைந்த கோடு வரும். சென்சரின் தடையைக் கணக்கிட்டு, ஒன்றை அதனால் வகுங்கள். அந்தக் கடத்துதிறன் பாரத்தோடு ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். தடை காணும் வழி: 3.3இலிருந்து வாசித்த வோல்ட்டைக் கழித்து, தொடர்த் தடையியால் பெருக்கி, வாசித்த வோல்ட்டால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு சென்சருக்கும் தனிக் கோடு. ஒன்றுக்கு எடுத்ததை ஆறுக்கும் போடுவது பெருந்தவறு.

பாரத்தை அழுத்தமாக்குவது எளிது. 1 கிலோ என்பது 9.8 நியூட்டன். தட்டின் பரப்பு 0.5 சதுர சென்ரிமீற்றர். எனவே ஏறத்தாழ 195 கிலோபஸ்கால்.

இப்போது அடுக்கை மூடிவிட்டு இரண்டாவது சோதனை. இதற்கு வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும், கையால் காற்றடிக்கும் கஃப் போதும். இன்சோலின் முன்பகுதியை ஒரு மட்டமான பலகையில் வைத்து, கஃபின் காற்றுப்பை சென்சர்களின் மேல் வரும்படி இரண்டையும் சேர்த்து இறுக்கிச் சுற்றுங்கள். 300 மில்லிமீற்றர் பாதரசம் வரை காற்றடித்தால் 40 கிலோபஸ்கால், அதுவும் எல்லாச் சென்சருக்கும் ஒரே சீராக. பிறகு குதிகால் பகுதிக்கும் அதையே செய்யுங்கள். ஒரு சென்சர் 40க்குப் பதில் 60 காட்டினால், அதன் தட்டு பக்கத்துப் பாரத்தையும் தன்மேல் இழுக்கிறது என்று பொருள். அந்தச் சென்சரின் எண்களை இரண்டை மூன்றால் வகுத்த அளவால் பெருக்க வேண்டும். நடக்கும்போது வரும் அழுத்தத்துக்கு 40 குறைவுதான், ஆனாலும் அடுக்கிய பிறகு எந்தச் சென்சர் கெட்டது, எது மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று இதைப்போல வேறு எந்தச் சோதனையும் சட்டென்று காட்டாது.

ஆறு சென்சரையும் கூட்டி ஆளின் எடை வருகிறதா என்று பார்க்கிறவர்கள் உண்டு. வராது. ஆறு தட்டுகளும் சேர்ந்து 3 சதுர சென்ரிமீற்றர்தான், பாதம் தரையைத் தொடும் பரப்பு நூறு சதுர சென்ரிமீற்றர் அளவு.

8. யாருடைய காலில்?

முதலில் உங்கள் காலில். பிறகு நல்ல ஆரோக்கியமுள்ள நண்பரின் காலில்.

சீனி வருத்தம் உள்ளவரின் காலில் நீங்களாகவே வைக்காதீர்கள். 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு வைத்தியர்கள் உணர்வைச் சோதிப்பது சும்மா இல்லை. உணர்வு போன பாதத்துக்கு அரை மில்லிமீற்றர் தட்டின் உறுத்தல் தெரியாது, தெரியாமலே தோல் புண்ணாகும். அவருடைய வைத்தியருக்குத் தெரிய வேண்டும், பல்கலைக்கழக வேலையென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். அந்த அனுமதிக்கு நாள் எடுக்கும், ஆகவே சுற்றைத் தொடங்கும்போதே விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். திறந்த புண் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

யார் அணிந்தாலும், கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள். தட்டு இருந்த இடத்தில் சிவந்து, அரை மணி நேரத்திலும் மறையாவிட்டால் அடுக்கை மாற்ற வேண்டும்.

இன்னொன்று: ஆள் சப்பாத்து அணிந்திருக்கும்போது யூஎஸ்பி வயரை, சார்ஜரில் செருகிய லப்டொப்பில் மாட்டாதீர்கள். 230 வோல்ட் இணைப்புக்கும் வியர்த்த காலுக்கும் இடையில் ஒரு மலிவான சார்ஜர் மட்டும் நிற்பது நல்லதல்ல. தரவை புளூடூத்தில் அனுப்புங்கள் அல்லது கார்டில் எழுதுங்கள். 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் அதோடு போய்விடும்.

9. நடக்க வையுங்கள்

சப்பாத்தை அணிந்து பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நடக்கச் சொல்லுங்கள். கொழும்பு வெக்கையில் சப்பாத்துக்குள் சூடும் ஈரமும் சீக்கிரம் ஏறும், சென்சர் அந்தச் சூட்டில் நிலைத்த பிறகுதான் அளக்க வேண்டும்.

பிறகு கதிரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பூச்சியத்தை எடுங்கள். லேஸ் கட்டிய சப்பாத்துக்குள் கால் தொங்கும்போதும் சிறிது அழுத்தம் இருக்கும். சப்பாத்தைக் கழற்றிவைத்து எடுத்த பூச்சியம் அதைத் தவறவிடும்.

நீளமான, மட்டமான நடைபாதை வேண்டும். கட்டடத்துத் தாழ்வாரம் முதல் தெரிவு. வெளியே என்றால் அதிகாலையில் சுதந்திர சதுக்கத்தின் நடைபாதை. காலி வீதி ஓரம் வேண்டாம், நடைபாதை சரிந்தும் உடைந்தும் கிடக்கும். சரிவில் நடந்தால் ஒரு கால் மற்றதைவிட வேறு மாதிரி விழும்.

ஒரே காலுறை, ஒரே லேஸ் இறுக்கம், ஒரே வேகம். போனில் மெட்ரோனோம் வைத்து நிமிடத்துக்கு 100 அல்லது 110 எட்டு என்று நிறுத்துங்கள். வேகம் கூடினாலே உச்ச அழுத்தம் கூடும், மென்தாளின் பலனை அது மூடிவிடும். இரண்டு காலும் அளப்பதானால், தொடங்கும் முன் ஒருமுறை சேர்ந்து குதிக்கச் சொல்லுங்கள். இரண்டு போர்டுகளின் கடிகாரத்தையும் அந்த மேட்டை வைத்துப் பொருத்தலாம்.

விநாடிக்கு 100 வாசிப்பு நடைக்குப் போதும். ஒரு கால் தரையில் நிற்கும் நேரம் முக்கால் விநாடிக்கும் குறைவு, அதற்குள் அறுபது எழுபது புள்ளிகள் கிடைக்கும். நேரத்தைப் போர்டே ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். புளூடூத்தில் வந்துசேர்ந்த நேரத்தை லப்டொப் எழுதினால், தாமதமாக வந்த பொதிகள் எல்லாம் ஒரே கணத்தில் நடந்த மாதிரிக் காட்டும்.

10. தரவைப் படியுங்கள்

முதலில் வரிசையைப் பாருங்கள். குதிகால், வெளிவிளிம்பு, எலும்புமுனைகள், கடைசியில் பெருவிரல். பெருவிரல் குதிகாலுக்கு முன் வந்தால் வயர் மாறியிருக்கிறது.

புறப்படும்போதும் நிற்கும்போதும் வைத்த எட்டுகளையும், திரும்பும் இடத்து எட்டுகளையும் வெட்டி எறியுங்கள். மிச்ச எட்டுகளில் ஒவ்வொரு சென்சருக்கும் உச்சத்தையும், அழுத்தம் இருந்த நேரத்தையும், இரண்டும் சேர்ந்த, கோட்டின் கீழுள்ள பரப்பையும் எடுங்கள். சராசரியைவிட நடுமதிப்பு நல்லது, தடுமாறிய ஓர் எட்டு அதைக் கெடுக்காது. எட்டுத் தொடங்கியதைக் கண்டுபிடிக்கும் எல்லையைப் பூச்சியத்தில் வைக்காதீர்கள். கால் தூக்கிய பிறகும் சென்சரில் சிறிது மிச்சம் நிற்கும். உச்சத்தின் பத்தில் ஒரு பங்கு அளவில் வைத்துத் தொடங்குங்கள்.

இனி முக்கியமான ஒன்று. எதையும் மாற்றாமல், சப்பாத்தைக் கழற்றி, மறுபடி அணிந்து, மறுபடி நடக்கச் சொல்லி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் வரும் வித்தியாசத்தை எழுதிவையுங்கள். மென்தாள் வைத்து வரும் குறைவு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் அதைக் குறைவு என்று சொல்லலாம்.

11. கோடு சொல்லும் கோளாறுகள்

கோடு மேலே தட்டையாகிறது: தடையி பெரிது, அல்லது சென்சரின் எல்லை போதாது. 5ஆம், 4ஆம் படிகளுக்குப் போங்கள்.

நின்றுகொண்டிருக்கும்போது மெல்ல ஏறுகிறது: சென்சரின் இயல்பு, நின்று அளக்காமல் நடந்து அளந்தால் பெரிதாகப் பாதிக்காது. இறங்கினால் பற்றரியைச் சந்தேகியுங்கள்.

விரல் ஊன்றித் தள்ளும் கணத்தில் மட்டும் கோடு அறுகிறது: மடிப்புக் கோட்டில் வயர் முறிந்துகொண்டிருக்கிறது. மேசையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். இன்சோலைக் கையில் எடுத்து, முன்பாதத்தை மேல்நோக்கி மடித்தபடி பாருங்கள்.

எல்லாக் கோடும் ஒன்றாக ஆடுகிறது: கிரவுண்ட் வயர் தளர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் இன்சோலை வெளியே எடுத்து, வெயில் படாத இடத்தில், காற்றாடியின் கீழ் மட்டமாக வைத்துக் காயவிடுங்கள். மறுநாள் அளக்கத் தொடங்குமுன் கஃபைச் சுற்றி 40 கிலோபஸ்காலில் ஒரு வாசிப்பு எடுத்து, முதல் நாள் எண்ணோடு பாருங்கள். பத்து வீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் அந்தச் சென்சருக்கு அளவுதிருத்தத்தை மறுபடி செய்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும்.